சொன்னபடி கேட்ட தொட்டி

வாயு மீட்டரைத் தட்டிப் பார்த்தாள் கணக்கம்மா. அது ஒழுங்காகத்தான் இருந்தது. அதுதான் அவளுடைய கவலையே.

பால் ஆலையின் கழிவுநீர்த் தொட்டிக்குக் கணினியில் மாடல் போட்டவள் அவள். கணக்கம்மா என்பது ஆலைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். காற்றே புகாத அந்தத் தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று எரிவாயு விடும். இன்றைக்கு எவ்வளவு விடும் என்று மாடல் காலையிலேயே சொல்லிவிடும். இன்று அவசரத்தில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டாள். வாயு பாதியாகும் என்றது மாடல்.

பாதியாகித் தொலைத்தது.

"தப்புக் கணக்குக்கு எப்படிடா சரியான விடை வரும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் திருத்தினாள். பதற்றத்தில் திருத்திய கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது; இரண்டு மடங்கு என்றது மாடல். மத்தியானத்துக்குள் இரண்டு மடங்கு வந்தேவிட்டது. கூடவே நுரையும் பொங்கி நடைபாதையெல்லாம் வழிந்தது. அவளுடைய ஒற்றைச் செருப்பு அதில் மிதந்து போனது.

ஓடி வந்த மேலாளர் முழங்காலளவு நுரையில் நின்றபடியே கைகூப்பினார்.

"இது கணக்கு இல்லம்மா, அருள்வாக்கு."

"சார், நான் தப்பா அடிச்சது..."

"அடக்கத்தைப் பாருங்க. வெண்ணெய்ப் பிரிவோட கொழுப்புக் கழிவையும் இதுலயே விட்டா தாங்குமா? உங்க மாடலைக் கேளுங்க."

தாங்கும் என்றது மாடல். "நாளைக்கே விட்டுருங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கணக்கம்மா நேரே தொட்டிக்கு ஓடினாள். கொழுப்பு படிந்தால் நுண்ணுயிர்கள் கூண்டோடு செத்துப்போகும். மறுபடி வளர்த்தெடுக்க மாதக்கணக்காகும். அவள் வேலை அதுவரை தாங்காது.

தொட்டிச் சுவரில் காதை வைத்தாள். உள்ளே குமுகுமுவென்று சத்தம். இருட்டில், மூச்சுக் காற்றுகூட இல்லாமல், ஊர் ஒதுக்கிய அழுக்கைத் தின்று நெருப்பாக்கித் தரும் கோடானுகோடி உயிர்கள். படித்த காலத்திலிருந்தே அவளுக்கு இது பெரிய அதிசயம். இப்போது அதுகள் அவள் உளறினாலும் கேட்கின்றன. உடம்பு சிலிர்த்தது; கண் கலங்கிவிட்டது.

"நான் சொன்னா இப்படிக் கேக்குறீங்களேப்பா" என்றாள் சுவரிடம்.

நுரையைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்த பம்ப் ஆபரேட்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுங்க எங்கம்மா கேட்டுச்சு? தினம் காலையில நீங்க அனுப்புற அளவு மீட்டர்ல வர்ற வரைக்கும், கழிவைக் கூட்டியும் குறைச்சும் நான்தானே விட்டுக்கிட்டிருக்கேன்."