வாரண்டியில் போன மாமா

அரைகுறையாகப் படித்தவன் ஆபத்தானவன் என்பார்கள். அவனையும் விட ஆபத்தானவன் ஒருவன் இருக்கிறான். அரைகுறையாகப் படித்ததை வீட்டில் எல்லாருக்கும் விளக்கிச் சொல்கிறவன். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி பல வருடங்களாக என்னிடம்தான் இருந்தது. இப்போது காலியாகக் கிடக்கிறது, யாரும் விண்ணப்பிக்கவில்லை.

நான் கண்டியில் ஒரு தனியார் கம்பனியில் எழுதுவினைஞன். கணினியில் எனக்குத் தெரிந்தது, அது நின்றுபோனால் அணைத்துவிட்டு மறுபடி போடுவது. ஆனால் மனைவி சுகந்தியின் வீட்டில், அதாவது வத்தேகமவில், அது போதுமானதாக இருந்தது. "மாப்பிள்ளைக்குத் தெரியாததா" என்று அத்தை ஒருமுறை சொல்லிவிட்டார். (ஒரு மனிதனைக் கெடுக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.)

வீட்டில் எல்லாருடைய போனிலும் இடம் நிறைந்துவிட்டது என்று புலம்பல் வந்தபோது, படங்களைச் சேமித்து வைக்க, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு எஸ்.எஸ்.டி. டிரைவ் வாங்கிக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் வைத்து விளக்கவுரை ஆரம்பமானது.

"பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி இதுக்குள்ள சுத்துற சாமான் ஒன்னும் இல்ல. கீழ விழுந்தாலும் பயமில்ல. படத்த ஏத்தி அழிச்சு எழுத எழுதத்தான் தேயும். சும்மா வச்சிருந்தா தேயவே தேயாது. அஞ்சு வருஷம் வாரண்டி."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார். வத்தேகம டவுனில் ஹாட்வேர் கடை வைத்திருந்து ஓய்வெடுத்தவர். அதிகம் பேசமாட்டார்.

"அஞ்சு வருஷமா? எனக்கே டாக்டர் அவ்வளவு சொல்லலையே" என்றார்.

எல்லாரும் சிரித்தோம்.

அன்றே எல்லாருடைய போன்களிலிருந்தும் படங்களையும் வீடியோக்களையும் டிரைவுக்கு மாற்றினேன். மாற்றியதும் போன்களில் இருந்ததை அழித்தேன். "போன்லயும் ஒன்னு கெடக்கட்டுமேங்க" என்று சுகந்தி சொன்னாள். இடத்தை அடைக்கும் என்றேன். "அப்ப இன்டர்நெட்ல போட்டு வச்சா என்னா?" என்றாள். அங்கே போட்டால் கண்டவனும் பார்ப்பான் என்றேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதுதான் என் வியாதி.

அடுத்த கேள்வி, இதை எங்கே வைப்பது. அந்த வீட்டில் காணி உறுதிப் பத்திரமும் நகையும் இருக்கும் இடம் சாமித்தட்டு. அத்தை டிரைவை மஞ்சள் துணியில் சுற்றி அங்கேயே வைத்தார். கீழே காலையும் மாலையும் விளக்கு எரியும். சுவருக்கு அந்தப் பக்கம் குசினி அடுப்பு. நல்ல கதகதப்பான இடம். தூசி இல்லை, திருடன் பயம் இல்லை, தெய்வத் துணையும் உண்டு என்று நானே பாராட்டினேன்.

அதன்பிறகு அதை ஒருமுறைகூட கணினியில் மாட்டவில்லை. யாராவது படம் கேட்டால் "சும்மா சும்மா எடுத்தா தேஞ்சிரும்" என்று விரட்டினேன். (பார்த்தால் தேயாது, எழுதினால்தான் தேயும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் பொறுப்பில் இருக்கிறவன் கொஞ்சம் கெடுபிடி காட்ட வேண்டாமா?) வருடத்தில் ஒரே ஒரு நாள் அது வெளியே வரும், ஆயுத பூஜையன்று. மாமாவின் பழைய தராசு, சுகந்தியின் தையல் மெஷின் இவற்றோடு டிரைவையும் வரிசையில் வைத்து, அத்தை தாராளமாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். "இதுவும் மாப்பிள்ளையோட ஆயுதம்தானே" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

வாரண்டி முடிவதற்கு முன்பே மாமா முடிந்துவிட்டார். காலையில் தேநீர் குடித்துவிட்டுப் பேப்பரை விரித்தவர், பேப்பரின் மேலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அடக்கம் எல்லாம் முடிந்து, பதினாறாம் நாள் படத்திறப்புக்கு ஆயத்தமானோம். அத்தை என்னை அழைத்து உட்காரவைத்தார்.

"பல்லேகலயில மேட்ச் பாக்கப் போனப்ப நீங்க ஒரு படம் எடுத்தீங்களே, யாரோட தொப்பியையோ வாங்கிப் போட்டுக்கிட்டு சிரிச்சாரே. அவரு பல்லுத் தெரிய சிரிச்சது அந்த ஒரு படந்தான். அதைப் பெருசாக்குங்க." கொஞ்சம் தயங்கி, "அந்த வீடியோவும் இருக்குந்தானே? குளிச்சிட்டு நின்னு, ராஜேஸ்வரி, துவாய் எங்கன்னு என்னையக் கூப்பிட்டுக் கத்துவாரே. அதை எனக்குப் போட்டுக் காட்டுங்க. கொரல் மறந்துபோற மாதிரி இருக்கு" என்றார்.

"அதெல்லாம் பத்திரமா இருக்குங்க அத்தை" என்றேன்.

மாட்டினேன். கணினி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கழற்றி மாட்டினேன். அணைத்துவிட்டுப் போட்டேன். என் கல்வி அத்தோடு முடிந்தது. அத்தை பின்னால் நின்றுகொண்டிருந்தார். "ஒன்னும் யோசிக்காதீங்க, வாரண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு, கண்டிக்கு பஸ் ஏறினேன்.

கடையின் கவுண்டரில் ரிஸ்வான் என்ற இளைஞர் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், ஓட்டைக்குள்ள மஞ்சளா என்னமோ ஈக்குதே?"

"சந்தனம்."

"இந்தச் செவப்பு?"

"குங்குமம்."

அவர் டிரைவை மெதுவாக மேசையில் வைத்தார். பிறகு, "உள்ளுக்கு ஏதும் பட்டா வாரண்டி செல்லா சேர்" என்றார்.

நான் விடுவேனா? சந்தனம் குளிர்ச்சியானது, மின்சார சாமானுக்கு நல்லது என்று வாதாடினேன். எந்த நிபந்தனையில் சந்தனம் என்று எழுதியிருக்கிறது, காட்டு என்றேன். அவர் பல்லுக்குத்தும் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டிவிட்டு மாட்டிப் பார்த்தார். அப்போதும் அது செத்துத்தான் கிடந்தது. கடைசியில், வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, காரியத்துக்குப் படம் வேண்டும் என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். உள்ளேயிருந்து வந்த முதலாளி அம்மா இரக்கப்பட்டு, மாற்றிக் கொடுக்கும்படி சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அந்த இரக்கம்தான் எங்களை முடித்தது.

ரிஸ்வான் குரலைத் தணித்துச் சொன்னார். "சேர், மாத்தினா பழசு எங்களுக்கு. அத ஒடனே தொள போட்டுருவோம், ஒங்கட படம் எதுவும் வெளிய போகாம. வாரண்டி சாமானுக்குத்தான், உள்ளுக்கு ஈக்கிறதுக்கு இல்ல. படந்தான் வேணுமென்டா மாத்த வாணாம், கொழும்புக்குக் கொண்டு போங்க. எடுத்துத் தாரவங்க ஈக்காங்க. கெடைக்குமென்டு சொல்ல ஏலா. அவங்க தெறந்தா வாரண்டி போயிரும்."

இத்தனையும் தெளிவாகத்தான் சொன்னார். என் மண்டையில் ஏறியது கடைசி இரண்டு சொற்கள்தான். இவ்வளவு சண்டை பிடித்து வென்ற வாரண்டியைப் போகவிடுவதா? உள்ளே இருப்பதற்குப் பொறுப்பில்லை என்பதெல்லாம், பஸ்ஸில் 'உங்கள் பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று எழுதிவைப்பதைப் போல ஒரு பேச்சுக்கு என்று நினைத்தேன். புதியது தருகிறவன் பழையதில் உள்ளதை ஏற்றாமலா தருவான்? "கண்டிஷன் எல்லாம் எனக்குத் தெரியும் தம்பி" என்று கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை குளித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பிரித்து மாட்டினேன். உடனே திறந்தது. வெள்ளை வெளேரென்று திறந்தது.

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க, மாப்பிள்ளை, ஆளைக் காணோம்?"

சுகந்திக்கு விளங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். முச்சக்கர வண்டி பிடித்துக் கண்டிக்குப் பறந்தேன். ரிஸ்வான் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மேசையில் டிரைவ் கிடந்தது, உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு.

"சொன்னேனே சேர்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அழுதுவிடுவார்போல இருந்தது.

படத்துக்கு வேறு வழி தேடினோம். கல்யாண ஆல்பத்தில் மீசை அரும்பிய மாமா இருந்தார். அத்தை அதைத் தள்ளிவைத்தார். "இது யாரோ பொடியன். இவரோடயா நான் குடும்பம் நடத்துனேன்?" போனை நீட்டினாலே மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதனால் டிரைவுக்குப் பிறகு எடுத்த படங்களில் அவருடைய முதுகுதான் இருந்தது. மிஞ்சியது அடையாள அட்டை. அதைப் பெருசாக்கினால், ஒரு கண் பாதி மூடியபடி, கோழி திருடிப் பிடிபட்டவர் மாதிரி மாமா முறைத்தார். அதற்குத்தான் மாலை போட்டோம். காரியத்துக்கு வந்த சனம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

பிற்பாடு, டிரைவ் வாங்கிய நாளில் அதைப் பற்றி இன்டர்நெட்டில் படித்து நான் பாதியில் விட்ட கட்டுரையின் மீதியைப் படித்தேன். எழுதினால் தேயும் என்பது முதல் பாதி. மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் வைத்தால், அதுவும் சூட்டில் வைத்தால், உள்ளே இருப்பது தானாக அழியக்கூடும் என்பது இரண்டாம் பாதி. எங்கள் டிரைவைக் கொன்றது சந்தனமா, சூடா, சும்மா கிடந்ததா என்று எனக்குத் தெரியாது. கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தால் மாமா கிடைத்திருப்பாரா என்பதும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியில் ஓட்டை போடக் கையெழுத்துப் போட்டவன் நான். இன்னொன்றும் படித்தேன். மாற்றிக் கொடுத்த டிரைவுக்குப் புது வாரண்டி கிடையாதாம், பழையதன் மிச்சம் மட்டும்தானாம். அதுவும் இப்போது முடிந்துவிட்டது.

குடும்பத்தில் இன்றைக்கும் சொல்வார்கள், மாமாவுக்கு இரண்டு சாவு என்று. முதலாவது மாரடைப்பு, இரண்டாவது மாப்பிள்ளை. வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, குடை உடைந்தாலும் சரி, "மாப்பிள்ளைகிட்ட குடுங்க, புதுசா, உள்ள ஒன்னும் இல்லாம மாத்திட்டு வருவாரு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

போன ஆயுத பூஜைக்கு அத்தை தராசுக்குச் சந்தனம் பூசும்போது, மெல்ல என் போனை எடுத்து வீடியோ பிடித்தேன். அத்தை கையை நிறுத்தவில்லை.

"எடுங்க மாப்பிள்ளை. எடுத்ததும் எல்லாருக்கும் அனுப்பிருங்க. உங்ககிட்ட மட்டும் இருந்துச்சுன்னா, அவரு மாதிரி நானும் ரெண்டு தடவ சாகணும்."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அங்கேயே நின்று ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று அத்தை இரண்டு முறை கேட்டார்.