கட்சி மாறிய வாஸ்தவம்

வாஸ்தவத்தோடு வாதாடித் தோற்றவர் திருச்சி ஜில்லாவில் ஒருவரும் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் ஒரு நிமிஷம் யோசித்து, "வாஸ்தவம்" என்பான். அதுவே அவன் பெயராகிவிட்டது; பெற்றவர்கள் வைத்த பெயரை அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தவிர வேறெப்போதும் நாங்கள் கேட்டதில்லை.

காலேஜ் அரை மணி தாமதமாக ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டுவர ஒருமுறை அவனைப் பிரின்ஸிபாலிடம் அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் திரும்பினான்.

"அவர் சொல்றது வாஸ்தவம்டா. அரை மணி முன்னாடியே வந்துட்டா வெயிலுக்கு நல்லது."

அப்படிப்பட்டவனைத்தான் சர்வகலாசாலை ஹிந்தி விவாதப் போட்டிக்கு அனுப்பினார்கள். வேறு வழியில்லை. ஹிந்தி வகுப்பில் நாங்கள் ஐந்தே பேர். ஸ்ரீரங்கத்துக்காரனான அவன் ஒருவனுக்குத்தான் ஹிந்தி நிஜமாகத் தெரியும். நான் தொட்டியத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, ஹிந்தியில் யாரையும் பெயிலாக்க மாட்டார்கள் என்று எவனோ சொன்னதை நம்பிச் சேர்ந்தவன். அட்டெண்டன்ஸ் வேறு குறைவு.

"அவன்கூடப் போய்ப் பேசு. பரிசோட வந்தா கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா இந்த வருஷம் நீ பரீட்சை எழுத முடியாது" என்று ஹிந்தி வாத்தியார் சொல்லிவிட்டார்.

பரீட்சை முறையை ஒழிக்க வேண்டுமா என்பதுதான் தலைப்பு. ஒரு காலேஜுக்கு இரண்டு பேர். ஒருவர் ஆதரித்தும் மற்றவர் எதிர்த்தும் பேச வேண்டும். ஒழிக்க வேண்டும் என்பது என் கட்சி. வாத்தியார் தயாரித்துக் கொடுத்த பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, ஒரு வரிக்கும் பொருள் தெரியாமல் உருப்போட்டு, மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு இறங்கினேன்.

அடுத்து வாஸ்தவம் மேடை ஏறினான். என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னான். ஹால் சிரித்தது. மறுபடியும் கைகாட்டினான். கைதட்டினார்கள். நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர் மார்க் தாளில் எதையோ எழுதி, அடித்து, திரும்ப எழுதினார்.

"என்னைத் திட்டறானா சார்?" என்று கேட்டேன்.

வாத்தியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இல்லப்பா. நீ பேசினதைக் கேட்டப்புறம் பரீட்சை வேணும்னு சொல்ல மனசு வரலைங்கறான். உன் கட்சியில சேர்ந்துட்டான்."

இரண்டு பேர் மார்க்கையும் கூட்டிக் காலேஜுக்குத் தரும் கேடயம் வெளியூர்க் காலேஜுக்குப் போயிற்று. ஆனால் எதிர்க்கட்சிக்காரனையே மனம் மாற்றிய பேச்சு என்று சொல்லி எனக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள். அவனுக்குப் பூஜ்யம். என்னைப் பாராட்டுவதா, அவனைத் திட்டுவதா என்று தெரியாமல் வாத்தியார் இரண்டையும் விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் போட்டார்.

அவனை ஸ்ரீரங்கம் பஸ் ஏற்றிவிட மெயின்கார்டு கேட் வரை போனேன்.

"ஏண்டா இப்படிப் பண்ணின?"

"வேணும்னு பண்ணலைடா. நீ சொன்னதுக்கு எனக்குப் பதில் தோணலை. அவ்வளவு நியாயத்தையும் கேட்டுட்டு, மேடை மேல நின்னுண்டு இல்லைன்னு சொல்ல எப்படி வாய் வரும்?"

"நான் என்னடா சொன்னேன்?"

அவன் என்னையே பார்த்தான். "நெஜமாவே தெரியாதா?"

தெரியாது என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புத்தகங்களைக் கைமாற்றிக்கொண்டு, நான் பேசிய பேச்சை முதல் வரியிலிருந்து எனக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தான். நான் மறந்துபோய் விழுங்கிய இடங்களில்கூட, "இங்கே நீ சொல்ல வந்தது என்னன்னா" என்று நிரப்பிக்கொண்டே போனான்.

அதற்குள் மூன்று ஸ்ரீரங்கம் பஸ்கள் போய்விட்டன. நாலாவதும் போய்விட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது.