கூடை சுமந்த பாட்டு

தப்பு அடிக்கிறவனுக்கு எந்த அடியை எங்கே அடிக்கக் கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதில் எனக்குத் தெரிந்தது மூன்றே அடிதான். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிட ஒன்று, சாவு வீட்டுக்கு ஒன்று, திருவிழாவில் சாமியை வரவழைக்க ஒன்று. (இதற்கே பெரிய வித்துவான் என்ற நினைப்பு. திமிர்!)

மாத்தளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருந்த அறைகளில், அடுத்த காம்பராவில் எஸ்தர் அக்கா இருந்தார். பகலெல்லாம் கொழுந்து பறிப்பார், அந்தியில் லயம் லயமாகப் போய் வேதம் சொல்வார். 'கூடை சுமந்த என்னைக் கூப்பிட்டீரே' என்று அவரே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். கேட்டால், மாரியம்மனே கதி என்றிருந்த என் அம்மாவுக்கே கண் கலங்கும்.

தோட்டத்துத் தமிழர்களான எங்கள் ஆட்களை இலங்கை அரசு இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பட்டியலில் அக்கா வீட்டுக்கும் பேர் வந்துவிட்டது. டவுன் சபையில் ஊழியக்காரியாக எடுத்துக்கொண்டால் போதகர் மேலிடத்தில் பேசித் தன்னை இங்கேயே நிறுத்திவைப்பார் என்று அக்கா நம்பினார். வேறு நம்பிக்கை எதுவும் அவருக்கு இல்லை.

பாட்டைக் கேட்க டவுனிலிருந்து போதகர் லயத்து வாசலுக்கே வந்தார்; பாட்டுக்குத் தப்பு நான்.

"தம்பி, மெதுவா தட்டுனா போதும்," என்றார் அக்கா.

"நீங்க பாடுங்கக்கா, நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டேன்! முதல் சரணம் வரை ஒழுங்காகத்தான் போனது. போதகர் ரசித்துத் தலையாட்டினார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. கை சூடேறி, சாமி அடிக்குத் தாவிவிட்டது. அந்த அடி விழுந்தால் வருஷா வருஷம் அம்மன் இறங்குவது என் அம்மா மேல். அம்மாவோ முன்வரிசையில்.

கொண்டை அவிழ்ந்தது. "ஏய்ய்ய்!" என்று ஆடிக்கொண்டே எழுந்தவள், வேப்பிலை கிடைக்காமல் பக்கத்துத் தேயிலைக் கொப்பை ஒடித்து, போதகரின் வழுக்கையில் நாலு சாத்துச் சாத்தினாள்.

"பேய்ப் பாட்டு!" என்று கத்திக்கொண்டே போதகர் காரில் ஏறினார்.

"ஐயா, பாட்டுல ஒரு குத்தமும் இல்லீங்க ஐயா!" என்று அக்கா பின்னால் ஓடினார். கார் நிற்கவில்லை.

அக்கா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். கொஞ்ச நாளில் குடும்பத்தோடு ரயில் கோச்சி ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார். அதன்பின் ஒரு தகவலும் இல்லை.

அக்கா ஞாபகத்துக்காக அம்மா வருஷம் ஒருமுறை டவுன் நற்செய்திக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். ஒரு வருஷம் ஒலிபெருக்கி சொன்னது: "அடுத்து, நமது போதகர் ஐயா இயற்றிய பாடல்."

'கூடை சுமந்த என்னைக் கூப்பிட்டீரே...'

சொந்தக் குடையைக்கூட இன்னொருவன் பிடிக்க நடக்கிற மனுஷன்! பேய்ப் பாட்டை ஒரு வரி விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார்.

அம்மா எழுந்தாள். தப்புமில்லை, ஆட்டமுமில்லை. கொண்டை கொண்டையாகவே இருந்தது.

"ஐயா, நீங்க எந்த மலையில கூடை சுமந்தீங்க?"

போதகர் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த அம்மாவுக்கு சாமி வந்துருச்சு. வெளிய கூட்டிட்டுப் போங்க."

எல்லோரும் நம்பினார்கள். ஏன் நம்ப மாட்டார்கள்? அன்றைக்குத் தோட்டத்தில் நான் அடித்த அடி டவுன் வரை கதையாகப் போயிருந்ததே!

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டால், "சாமி வந்துருச்சு, வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளைகள் கத்துவார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு அம்மா என் பக்கம் திரும்புவாள்.

"அன்னைக்கு டவுன்ல நான் நானாத்தான்டா இருந்தேன்."