இடப்பக்கத்துக்கு எத்தனை கிராம்

அன்பும் பிடிவாதமும் சரிபாதியாக வாய்க்கப்பெற்ற என் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் எங்கள் வயது அனுமதிக்கும் அளவுக்குச் சௌக்கியம். நீயும் மூட்டுவலி நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மரியாதைகள் முடிந்தன. தொலைபேசியில் பேச்செடுத்தால் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் அது பேசிக்கொண்டிருக்கும் என்பதால் எழுதுகிறேன். கடைசியில் நீ ஒன்றுக்குச் சம்மதிக்க வேண்டியிருக்கும். ஆகவே நடுவில் மடித்துவைக்காதே.

உன் மகளை அறுவைச் சிகிச்சையிலிருந்து தடுத்து நிறுத்தும்படி நீ எனக்கு ஆணையிட்டு இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. "நீ சொன்னா கேப்பா அக்கா, உனக்குத்தான் பயப்படுவா" என்றாய். முப்பத்தெட்டு ஆண்டு கல்லூரியில் கணிதம் கற்பித்த எனக்கு மாணவர்களே பயந்ததில்லை. இருந்தும் அந்தப் புகழ்ச்சியில் ஏமாந்து ஒப்புக்கொண்டேன்.

விஷயம் நமக்குப் புதிதன்று. விசிலுக்கு (நாற்பது பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தரும் உன் மகளை நீயே இப்போது அப்படித்தான் அழைக்கிறாய்) மார்பு வலப்பக்கம் வளர்ந்ததுபோல் இடப்பக்கம் வளரவில்லை. பதினான்கு வயதில் நீ அவளுடைய உள்ளாடையில் இடப்பக்கத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக்கொடுத்தாய். நல்ல தையல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பஞ்சு தண்ணீருக்கு ஆகாது. அதனால்தான் பதினோரு ஆண்டாக அவள் கரையிலேயே நின்று விசில் ஊதி நீச்சல் கற்பிக்கிறாள். ஒருகாலத்தில் விரலெல்லாம் சுருங்கி உதடு நீலம் பாரிக்கும்வரை குளத்தைவிட்டு ஏற மறுத்த பெண், இப்போது கால் பெருவிரலைக்கூட நனைப்பதில்லை. கேட்டால், "கரையிலேர்ந்து பாத்தாத்தான் பிள்ளைங்க தப்பு தெரியும் பெரியம்மா" என்கிறாள். பொய்யை இத்தனை தொழில்நுட்பத்தோடு சொல்லும் திறமை அவளுக்கு நம் இருவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். முப்பத்தாறு வயதில் அவள் கேட்பதெல்லாம் திரும்பத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பதுதான். நீ இதை அலங்கார ஆசை என்றாய். அலங்காரமென்றே வைத்துக்கொள்வோம். உன் தலைச்சாயத்தைப் பற்றி நான் ஏதாவது சொல்கிறேனா?

அவளைத் தடுக்கும் நோக்கத்தோடுதான் மருத்துவமனைக்குத் துணையாகப் போனேன். ஐந்து மறுப்புகளைத் தாளில் எழுதி எடுத்துச் சென்றேன். வேண்டாமென்று சொல்லியும் உன் அத்தான் கூடவே வந்தார். வரவேற்பு மேசையிலிருந்த பெண் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்து, சிகிச்சை யாருக்கு என்று கேட்டாள். ஓய்வுபெற்ற நில அளவையாளரான உன் அத்தான், வீட்டுமனை பார்க்க வந்தவரைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பொதுவா கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்மா" என்றார். அவரை அங்கேயே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

டாக்டரம்மாவுக்கு என் பாதி வயதுகூட இராது. நான் முதல் மறுப்பைத் தொடங்கத் தொண்டையைச் செருமுவதற்குள், அவர் ஒரு தாளில் வலக்கையால் ஒரு வளைவை வரைந்தார். பிறகு பேனாவை இடக்கைக்கு மாற்றி, எதிர்ப்புறத்தில் அதன் பிம்பத்தை வரைந்தார். கவராயம் இல்லை, அளவுகோல் இல்லை. நான் வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் வட்டம் வரைந்து, அது ஒவ்வொரு தடவையும் உருளைக்கிழங்காக முடிவதைப் பொறுத்துக்கொண்டவள். மறுப்புத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

வழிகள் நான்கு என்றார். முதலாவது, இடப்பக்கத் தசைக்கு அடியில் ஒரு சிலிக்கோன் பை வைப்பது. பையை என் கையிலேயே கொடுத்தார். அது உள்ளங்கையில் கிடந்து, எந்த வடிவத்தில் இருப்பது என்று நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தது. அழுத்தினால் விலகி, விட்டால் தன் இடத்துக்குத் திரும்பியது. மனிதர்களில் இந்தக் குணத்தை நான் அதிகம் கண்டதில்லை. இரண்டாவது, தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி, சுத்தம் செய்து, நூலிழை நூலிழையாக மார்புக்குள் செலுத்துவது. நம் உடம்பு வேண்டாமென்று ஒதுக்கிவைத்ததை வேண்டிய இடத்தில் குடியேற்றி, அங்கே அதற்கு இரத்தமும் உயிரும் பிடிக்கச் செய்கிறார்களாம். அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். நான் மறுக்காமல் கேட்பதை நம்பாமல் விசில் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது, வலப்பக்கத்தின் தொய்வை எடுத்து மேலே தூக்கித் தைப்பது. நான்காவது, வலப்பக்கத்தைக் குறைப்பது. இதைச் சொல்லத் தொடங்கியபோது நான் குறுக்கிட்டு, "இருக்கறதைப் போய் எதுக்கு வெட்டணும்?" என்று அந்தப் பாடத்தை முடித்துவைத்தேன். டாக்டரம்மா விசிலைப் பார்த்தார். விசில் மேசைமேலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் எதையும் விற்கவில்லை என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். பை ஆயுளுக்கும் வராது, ஒருநாள் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். கொழுப்பில் ஒரு பங்கு கரைந்துபோகும், இன்னொரு தடவை வரவேண்டியிருக்கலாம் என்றார். வெட்டினால் தழும்பு உறுதி என்று அதையும் வரைந்து காட்டினார். தன் சரக்கின் குறையைத் தானே முன்னால் எடுத்துவைக்கும் ஒருவரிடம் வாதாட எனக்கு என்ன இருக்கிறது?

நாங்கள் பையைத் தேர்ந்தெடுத்தோம். 'நாங்கள்' என்றால் நான். அளவை முடிவு செய்ய வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. மெல்லிய காலுறைக்குள் அரிசியை நிறுத்துப் போட்டு முடிந்து, அதை உள்ளாடைக்குள் வைத்து ஒரு வாரம் நடமாடிப் பார்க்க வேண்டும். அந்த வாரம் விசில் எங்களோடு தங்கினாள். என் சமையலறை சோதனைக்கூடமாயிற்று. நூற்றெண்பது, இருநூற்றுப்பத்து, இருநூற்றுநாற்பது என்று கிராம் கணக்கில் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் சீட்டு, சுவரில் வரைபடத் தாள். மூன்றாம் நாள் மாலை விசில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பெரியம்மா, சோறு வேகற வாசனை வருதே" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தால் உன் அத்தான் இருநூற்றுநாற்பதை உலையில் போட்டிருந்தார். "அது சோதனைக்கு வச்சிருந்த அரிசிங்க" என்றேன். "அப்படியா? மூணு பேருக்குச் சரியா இருந்துச்சே" என்றார். அன்றிரவு நாங்கள் மூவரும் அதைச் சாப்பிட்டு முடித்தோம்.

மறுநாள் நீச்சல்குளத்தில், விசில் குனிந்து ஒரு பிள்ளையின் நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்தபோது முடிச்சு அவிழ்ந்து, இருநூற்றுப்பத்தும் குளக்கரையில் கொட்டிவிட்டது. அங்கே நீரில் விழுபவர்களைக் காப்பாற்ற ஓர் ஆள் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் இறங்கிவந்து அரிசியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், "குருவிங்களுக்கா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றாளாம். அன்றிலிருந்து அந்த நல்ல மனிதர் தினமும் ஒரு பிடி தானியம் கொண்டுவந்து அவளிடம் தருகிறார். குருவிகளும் அவள் பின்னாலேயே நடக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகு கணக்கு இருநூற்றுப்பத்தில் வந்து நின்றது. எனக்கு அதில் ஐயமில்லை. வரைபடத்தின் கோடு அவ்வளவு அழகாக அமைந்திருக்கிறது. ஆனால் விசில், "அம்மா சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லா இருக்கும்" என்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ அந்த ஒரு வார்த்தையை எழுதிவிடு. உலகத்தில் இப்படியொரு கைவேலை இருக்கிறது என்பதை எழுபத்தொரு வயதில்தான் கண்டேன். காணாமலே போயிருப்பேனே என்று நினைத்தால் திகைப்பாக இருக்கிறது.

உன் மூட்டுகளுக்கும் மனத்துக்கும் வளையும் தன்மை நாளுக்கு நாள் கூடுவதாக என்று வாழ்த்தும்,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. இதை உறையிலிட்டு மேசைமேல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை விசில் கூப்பிட்டு, அறுவைக்கு நாளைக்கே ஓர் இடம் காலியாகியிருக்கிறது, ஆறரைக்கு வர முடியுமா என்று கேட்டாள். நேற்று அறுவை முடிந்தது. நன்றாக இருக்கிறாள். மருத்துவமனை அறையில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உள்ளே கொண்டுபோகும் முன் டாக்டரம்மா பேனாவால் அவள் உடம்பில் கோடு போட்டிருந்தார். கோடுகளெல்லாம் வலப்பக்கத்தில் இருந்தன. நான் பதறிப்போய், "டாக்டர், பக்கம் மாறிப்போச்சு" என்றேன். "மாறலைம்மா" என்றார். நான்கு நாள் முன்பு விசில் தனியாகப் போய்ப் பேசி, வலப்பக்கத்தைக் குறைப்பது என்று முடிவு செய்திருக்கிறாள். "சின்னதுதான் பெரியம்மா என்னோடது" என்றாள். "இந்தப் பக்கம் யாரோ வச்சுட்டுப் போன மாதிரியே இருந்துச்சு. எனக்குக் கூட்ட வேணாம்."

கணக்கைத் தொடும் முன் எது கொடுக்கப்பட்டது, எது கண்டுபிடிக்க வேண்டியது என்று பிரித்துக்கொள் என முப்பத்தெட்டு ஆண்டு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். வலப்பக்கம்தான் கொடுக்கப்பட்ட அளவு என்று எனக்கு யார் சொன்னது? இருபத்திரண்டு ஆண்டாக நம்மில் ஒருத்தியாவது அவளைக் கேட்டோமா? பின்னே ஏன் ஒரு வாரம் அரிசியைச் சுமந்தாய் என்றேன். "நீங்க ரொம்ப ஆசையா நிறுத்தீங்களே" என்றாள். இந்தப் பெண்ணின் பொறுமைக்கு முன்னால் டாக்டரம்மாவின் இரண்டு கைகளும்கூட எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டன.

காயம் ஆறினால் ஆறு வாரத்தில் தண்ணீரில் இறங்கலாமாம். அதுவரை கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது. தலைவாரிவிட ஆள் வேண்டும். நான் வாரினால் வலிக்கிறதாம், அம்மா வாரினால் வலிக்காதாம். அடுத்த வண்டியில் ஏறி வா. வரும்போது கருத்து எதையும் கையோடு கொண்டுவராதே. இங்கே ஏற்கெனவே என்னுடையதும் உன் அத்தானுடையதும் மிச்சம் கிடக்கின்றன.