பிரிக்கப்படாத பிரேக்

ஒரு பொருளை ஊரெல்லாம் தேடி அலைந்து கண்டுபிடித்த பிறகும் அதைப் பயன்படுத்தாமல் இருக்கும் மனவுறுதி, மனித வரலாற்றில் ஒரே ஓர் அமைப்புக்குத்தான் வாய்த்திருக்கிறது. அது எங்கள் ‘பழம்பெரும் லாரிகள் தூய்மைக் காப்புச் சங்கம்’. அதன் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அடக்கம் எனக்கு இயல்பாகவே உண்டு. சொந்தமாக லாரி கிடையாது.

லாரி வைத்திருப்பவர் என் தங்கையின் கணவர். தொழில் மருந்துக்கடை. பகலெல்லாம் காலாவதியான மாத்திரைகளைத் தேடித் தேடித் தூக்கி எறிவார். மாலையில் வந்து காலாவதியான லாரியைத் துடைப்பார். அந்த லாரிக்கு வீட்டில் ‘பெரியவர்’ என்று பெயர். பெரியவருக்கு இருமல் உண்டு, கசிவு உண்டு, காலையில் எழுப்பினால் கோபம் வரும்.

சங்கத்தின் கொள்கை எளிது. வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் அதே கம்பெனி, அதே காலத்தில் செய்ததாக இருக்க வேண்டும். வேறு வண்டியின் திருகாணி ஒன்று ஏறினாலும் அது ‘கலப்பு’. கலப்பு வண்டிகள் ஆண்டு ஊர்வலத்தில் கடைசியாக, குப்பை லாரிக்கும் பின்னால் வர வேண்டும். இதைவிடப் பெரிய அவமானம் எங்கள் வட்டாரத்தில் இல்லை. விவாகரத்தைக்கூட ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள்.

ஊர்வலம் நெருங்கும் வேளையில் பெரியவரின் மாஸ்டர் சிலிண்டர் உயிரை விட்டது. பிரேக் பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளிச் சக்கரங்களைப் பிடிக்க வைப்பது அதுதான். இப்போது மிதித்தால் பெடல் பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போனது. வண்டி தன் போக்கில் போனது. கை பிரேக்குக்கு அசல் கைப்பிடி இருந்தது. கைப்பிடியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். “புது லாரி சிலிண்டர் ஒண்ணு கைவசம் இருக்கு. ரெண்டு ஓட்டையை இடம் மாத்திப் போட்டா உக்காந்துக்கும். சாயந்திரமே வண்டியை எடுத்துக்கலாம்.”

மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார். “மச்சான், இவரை முதல்ல வெளிய அனுப்புங்க.”

அசல் சிலிண்டருக்கான தேடல் தொடங்கியது. தொலைபேசிப் பொறுப்பு எனக்கு.

“அந்த மாடல் லாரிக்கா கேக்குறீங்க? வண்டி இப்ப எங்க நிக்குது?” என்றார் ஒரு கடைக்காரர்.

“நிக்க மாட்டேங்குதுன்னுதாங்க உங்களைக் கேக்குறேன்.”

பழைய இரும்புக் கடைக்காரர் இன்னும் அன்பாகப் பேசினார். “நீங்க ஏன் சார் பார்ட்டைத் தேடி அலையறீங்க? வண்டியை இங்க கொண்டாங்க. வேணுங்கிற பார்ட்டாப் பிரிச்சுத் தர்றேன்.”

கடைசியில், மூடிக் கிடந்த ஒரு பட்டறையின் பரணில் அது அகப்பட்டது. கம்பெனி அட்டைப்பெட்டி. அதன் மேல் கம்பெனியின் சீல், உடையாமல், பளபளவென்று. மாப்பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுவந்த விதத்தைப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டாள்.

“அப்பாடா! எப்பங்க மாட்டப் போறீங்க?” என்றாள் தங்கை.

“முதல்ல தலைவர் பாக்கணும்.”

தலைவர் ஓய்வு பெற்ற அருங்காட்சியக அதிகாரி. எதைப் பார்த்தாலும் அதற்கு எந்த அளவில் கண்ணாடிப் பெட்டி செய்யலாம் என்று மனதுக்குள் அளப்பவர். அவசரக் கூட்டம் கூடியது. பெட்டியை மேசைமேல் வைத்து எல்லோரும் எழுந்து நின்றோம்.

“இந்த சீலைப் பிரிக்கிறவன் மனுஷனா?” என்று தலைவர் கேட்டார். மனிதர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

சிறப்பு அழைப்பாளராக வந்திருந்த மெக்கானிக் மட்டும் தலையைச் சொறிந்தார். “பிரிக்காம எப்படி சார் மாட்டுறது?”

“அதை நீங்கதான் சொல்லணும். நீங்கதானே மெக்கானிக்?”

“பெட்டியோடயே வேணா கட்டித் தொங்க விடலாம். வண்டி நிக்காது. ஆனா பாக்க நல்லாருக்கும்.”

அவர் கிண்டல் செய்ததை நாங்கள் நெடுநேரம் பரிசீலித்தோம். பிறகு ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் பிறந்தது: பெட்டி பிரிக்கப்படாமல் சங்கக் கட்டடத்தின் முன்கூடத்தில் கண்ணாடிப் பேழையில் வைக்கப்படும், அசல் பிரேக் சங்கத்தின் வசம் இருப்பதால், மேற்படி லாரிக்கும் பிரேக் இருப்பதாகவே கருதப்படும். மாப்பிள்ளைக்குப் பெருமையில் கண் கலங்கியது. வழிமொழிந்தவன் அடியேன். பிஸ்கட் வந்தது.

“அண்ணே, நீயுமா கை தூக்கின?” என்று வீட்டில் தங்கை பிடித்துக்கொண்டாள்.

“ஒருமனதா நிறைவேறுச்சும்மா.”

“அந்த ஒரு மனசுல என் மனசு இருக்கா?”

“நீ உறுப்பினர் இல்லையே.”

“உறுப்பினர் இல்ல. அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி. அவருக்கு ஏதாவது ஆனா உன் சங்கமா என் கூட உக்காந்து சாப்பிடும்?” கொல்லைப்பக்கம் போய் விறகுக் குவியலைக் கிளறி, ஆப்பு மாதிரி ஒரு தடித்த கட்டையைக் கொண்டுவந்தாள். “அவர் ஓட்டட்டும். நானும் ஏறுறேன். நீயும் ஏறு.”

ஊர்வல நாள். சங்கக் கட்டடம் ஒரு சரிவின் அடியில் இருக்கிறது. ஊர்வலம் சரிவின் உச்சியில் தொடங்கும். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. முதல் வண்டி பெரியவர். ஓட்டுபவர் மாப்பிள்ளை, நடுவில் நான், கதவோரம் மடியில் கட்டையுடன் தங்கை.

பாதிச் சரிவு வரை முதல் கியர் எங்களைத் தாங்கியது. பிறகு அதுவும் களைத்துப்போய்ப் படாரென்று நழுவியது.

“மிதிங்க!” என்று கத்தினேன்.

“மிதிச்சிட்டுத்தான் மச்சான் இருக்கேன்!”

“கருதுங்க, இன்னும் நல்லாக் கருதுங்க!” என்றாள் தங்கை. சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து குதித்தாள்.

கீழே முன்கூடத்தின் கதவுகள் அகலத் திறந்திருந்தன. பிரமுகர்கள் நாற்காலிகளை விட்டுச் சிதறினார்கள். தங்கை கூடவே ஓடிக் கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். பெரியவர் அதைத் துப்பிவிட்டார். அவள் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடி, இந்த முறை கையை எடுக்காமல் அழுத்திச் செருகினாள். சக்கரம் ஏறி, முனகி, நின்றது. கண்ணாடிப் பேழைக்கும் பெரியவரின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

தலைவர் ஓடோடி வந்தார். நேராகப் பேழைக்கு. குனிந்து பார்த்து, இரு கைகளையும் உயர்த்தினார். “ஒண்ணும் ஆகல! சீல் அப்படியே இருக்கு!”

பலத்த கைதட்டல். அது ஓய்ந்த பிறகுதான் சாலையில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த என் தங்கை அவர் கண்ணில் பட்டாள்.

“எலும்பு ஒட்டிக்கும்மா. சீல் பிரிஞ்சா ஒட்டுமா?” என்றார் பரிவோடு.

ஊர்வல வண்டிகளுக்கு மதிப்பெண் போடும் நடுவர் என்னிடம் வந்தார். “செயலாளரே, அந்தக் கட்டை கம்பெனி கொடுத்ததா?”

“இல்ல சார். விறகு.”

மதிப்பெண் குறைக்கப்பட்டது.

மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “எலும்பு விலகியிருக்கு. தகடு வெச்சுத் திருகணும்.”

“உடனே வைங்க டாக்டர், என்ன வேணா வைங்க,” என்றார் மாப்பிள்ளை.

“இருங்க,” என்றாள் தங்கை. “அந்தத் தகடு எங்க அம்மா செஞ்சதில்ல டாக்டர். வெச்சா நான் கலப்பாயிடுவேன். இவர் என்னைக் குப்பை லாரிக்குப் பின்னால நடக்க விடுவார்.”

“வேணாம்மா...” என்றார் மாப்பிள்ளை.

“பிரிக்காம அப்படியே ஒரு கண்ணாடிப் பெட்டியில வெச்சிருங்க. கை இருக்கிறதா கருதிக்கலாம்.”

மாப்பிள்ளை எழுந்து வெளியே போனார். நடைபாதைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அவர் போனில் பேசுவது உள்ளே கேட்டது. “மெக்கானிக்கா? அந்த ரெண்டு ஓட்டை... போட்டிருங்க. இன்னைக்கே போட்டிருங்க.”

இப்போது பெரியவர் மிதித்த இடத்தில் நிற்கிறார். ஆகவே கலப்பு என்று அறிவிக்கப்பட்டு, குப்பை லாரிக்குப் பின்னால்கூட இடம் தரப்படாமல் சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டார். எஞ்சியிருக்கும் வண்டிகள் அனைத்தும் தூய்மையானவை. அவற்றில் ஒன்றிரண்டில் பிரேக் எண்ணெய் கசிகிறது. அடுத்த ஊர்வலத்துக்கான தீர்மானத்தை வழிமொழிய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தங்கைக்கு ஒரு கையால் தலை பின்ன வராது. நான் பின்னிக்கொண்டிருந்ததால் கூட்டத்துக்குப் போக முடியவில்லை. இருந்தும் ஒருமனதாக நிறைவேறியது என்கிறார்கள்.

அதன்படி, பொதுமக்கள் சரிவின் இருபுறமும் குடும்பத்துடன் திரண்டு நிற்குமாறு அன்புடன் அழைக்கப்படுகிறார்கள். அடிபடுபவர்கள், அடிபடவில்லை என்றே கருதப்படுவார்கள்.