எட்டாம் நம்பர் அறை

சோம்பேறி முட்டாளால் ஊருக்குப் பெரிய கேடு வராது. சுறுசுறுப்பான முட்டாள்தான் ஆபத்து. இருபத்தைந்து வயதில் நான் இரண்டாம் ரகம்.

எழுபதுகளின் கடைசியில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தேன். (மேனேஜர் என்றால் ஆள் வராத அன்று கூட்டிப் பெருக்குவதும் சேர்த்துத்தான்.) சுரண்டையில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் போட்டோ என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவளுடைய அப்பா மட்டும், "பையனைப் பத்தி விசாரிச்சிட்டுச் சொல்லுதேன்" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

லாட்ஜில் பன்னிரண்டு அறைகள். எட்டு சனி பகவானின் எண் என்று அந்த அறையை மட்டும் யாரும் சீக்கிரத்தில் எடுப்பதில்லை. முதலாளி அண்ணாச்சி ஒருநாள், "ஏலே, அந்த எட்டைத் தூக்கிரு. ஏழுக்கு அடுத்து ஒன்பதுன்னு போட்டுரு" என்றார்.

மறுநாள் காலை எல்லோரும் அருவிக்குப் போன நேரத்தில் பெயின்ட் டப்பாவை எடுத்தேன். எட்டு ஒன்பதானது, ஒன்பது பத்தானது, கடைசி அறை பதின்மூன்றானது. எழுத்து அழகாக வந்திருந்தது. தள்ளி நின்று ரசித்தேன். குளிக்கப் போனவர்கள் கையில் பழைய நம்பர் வில்லையோடு சாவி இருக்கிறதே என்று தோன்றவே இல்லை. பதிவேட்டையும் நான் தொடவில்லை.

ஈரத்துண்டோடு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஏழுக்கு மேல் ஒரு கதவும் திறக்கவில்லை. அதற்குள், முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் கதவு கதவாகச் சாவி போட்டுப் பார்ப்பதைக் கண்டேன். பாய்ந்து அவர் கையைப் பிடித்து, "கள்ளன்! கள்ளன்!" என்று கத்தினேன்.

"யாருவே கள்ளன்?" குளிரில் அவருக்குப் பல் தந்தியடித்தது. "எட்டாம் நம்பரைப் பூட்டிட்டுத்தான குளிக்கப் போனேன்? இப்ப ரூமையே காணோம். என் வேட்டி எங்கவே?"

அண்ணாச்சி ஓடிவந்தார். "கூறுகெட்டவனே! கதவுல மாத்துனா சாவியிலயும் நோட்டுலயும் சேத்து மாத்தணும்லா? இல்லன்னா எல்லாரும் காலி பண்ணுத வரைக்கும் பொறுக்கணும்." பிறகு என் காதோடு சொன்னார்: "இவுகதாம்லே சுரண்டைக்காரவுக. நேத்து நீ வீட்டுக்குப் போன பொறவு வந்தாவ. உன்னைப் பாக்கத்தான்."

பிடித்திருந்த கையை விட்டேன். கல்யாண ஆசையையும் அங்கேயே விட்டுவிட்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் ஒப்புக்கொண்டு, நானே அறையைத் திறந்து வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

பத்தாம் நாள் சம்மதம் வந்தது. காரணத்தைக் கல்யாணப் பந்தியில்தான் சொன்னார்: "இவ்வளவு வெகுளியா இருக்கவனுக்கு எம் பொண்ணை ஏமாத்தத் தெரியாதுல்லா?"

இன்றும் என் மூக்குக்கண்ணாடி காணாமல் போனால் என் மனைவி எழுந்து தேடமாட்டாள். இருந்த இடத்திலிருந்தே சொல்வாள்: "எட்டாம் நம்பர் ரூம்ல போய்ப் பாருங்க."