பாம்புக்குப் பொறுப்பேற்றவர்

சுமை தூக்குகிறவர்கள் ஒரு வகை. சுமைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "மெதுவா, மெதுவா" என்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் ஓர் உயர்ந்த ரகம் உண்டு. அதன் பெயர் பொறுப்பாளர்.

அவரை உங்களுக்குத் தெரியும். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா? "நான் பாத்துக்கறேன்." லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதா? "விடுங்க, நான் பாத்துக்கறேன்." அவர் பொய் சொல்வதில்லை. வேறு யாரோ குனிந்து நிமிர்ந்து செய்து முடிக்கும்வரை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

எங்கள் குடியிருப்பின் பொறுப்பாளர் எனக்கு எதிர்வீடு. ஏதோ அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அதாவது அங்கேயும் இதே வேலைதான், சம்பளத்தோடு. அவருடைய மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் அக்கா. பொறுப்பாளர் ஏற்கும் பொறுப்புகள் கடைசியில் போய்ச் சேருமிடமும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குக் கீழேயிருக்கும் அலமாரியை என் மனைவி திறந்தாள். எலிக்காக அங்கே பசை அட்டை வைத்திருந்தோம். எலி இல்லை. கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகளோடு ஒரு பாம்பு, பாதி உடம்பு அட்டையில் ஒட்டிக்கொள்ள, மீதியை முறுக்கித் திணறிக்கொண்டிருந்தது. நான் அலமாரியை மெல்லச் சாத்தினேன். பிறகு வீரர்கள் செய்வதைச் செய்தேன். எதிர்வீட்டு மணியை அடித்தேன்.

பொறுப்பாளர் குடையோடு வந்தார். "எங்க? தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்."

சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் ஃப்ரிட்ஜ்தான் தெரியும்.

"கட்டுவிரியன்," என்றார்.

"நீங்க இன்னும் பாக்கவே இல்லையே," என்றாள் என் மனைவி.

"இதுக்குப் பாக்கணுமா? வாசனையே சொல்லுதே." சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். "இங்க கொஞ்சம் வாயேன்."

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தள்ளி நின்று பார்த்தார். படம் எடுத்து, பாம்பு மீட்கிற குழுவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குழுவிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். தலைப் பக்கம் ஒரு படம், வால் பக்கம் ஒரு படம் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க, இது விஷமில்லாத பாம்பு. கட்டுவிரியன் மாதிரியே இருக்கும், எல்லாரும் ஏமாறுவாங்க. இதுக்குக் கழுத்துகிட்ட பட்டை பளிச்சுன்னு ஆரம்பிச்சு வால் பக்கம் மங்கிடுது பாருங்க. கட்டுவிரியனுக்கு இதுக்கு நேர்மாறா இருக்கும். ஆனா இதுவும் கடிக்கும், வலிக்கும். நான் சாயங்காலம்தான் வர முடியும். அதுவரை அட்டையிலேயே விட்டா செத்துடும். சமையல் எண்ணெய் ஊத்தி மெதுவாப் பிரிச்சு, காத்துப் போற பெட்டியில வைங்க. உள்ள ஒரு துணி, கிண்ணத்துல தண்ணி. சாப்பிட எதுவும் வேண்டாம்."

பொறுப்பாளர் போனுக்கு அருகே குனிந்தார். "ஏசி போடணுமா?"

"வேண்டாம் சார். பேசாம விட்டாப் போதும்."

பேசாமல் விடுவதுதான் அவருக்கு வராதே.

அக்கா தடித்த கையுறை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கரண்டியால் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செதில் உரியாமல், அவசரப்படாமல், குழந்தையின் தலையில் சிக்கெடுப்பதுபோல விரல் விரலாகப் பிரித்தார். பொறுப்பாளர் நாற்காலிமேல் ஏறி நின்று, "இன்னும் கொஞ்சம் எண்ணெய்... அந்தப் பக்கம்... பாத்து, பாத்து..." என்று வியர்த்துக்கொண்டிருந்தார். துணி போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போட்டதும் அக்காதான். பாம்பு உள்ளே போய்த் துணிக்கடியில் சுருண்டதும் பொறுப்பாளர் நாற்காலியிலிருந்து இறங்கி அறிவித்தார். "எங்க வீட்லயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மதியம் அவர் கடைக்குக் கிளம்பும்போது, "மூடியைத் திறக்காதீங்க," என்றது என் காதில் விழுந்தது. "நான் என்ன சின்னக் குழந்தையா?" என்ற பதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவு மூடவேயில்லை. மாடி வீட்டிலிருந்தும் கீழ் வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். முதல் ஆளிடம், "நாங்க பிரிச்சு எடுத்தோம்." அடுத்த ஆளிடம், "நான்தான் பிரிச்சேன்." கீழ் வீட்டுப் பல் டாக்டர் வந்தபோது பாம்பு ஒரு முழம் வளர்ந்து, கடும் விஷமும் ஏறியிருந்தது. பல் டாக்டர் சந்தேகப் பிராணி.

"அசையவே இல்லையே. உயிரோடதான் இருக்கா?"

மானப் பிரச்சினை. பொறுப்பாளர் மூடியைத் திறந்தார்.

எண்ணெய் பூசிய பாம்பு எவ்வளவு வேகமாகப் போகும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சோபாவுக்கடியில் போய் மறைந்தது. பல் டாக்டருக்கு நோயாளி ஒருவர் காத்திருப்பது நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமையில்.

பொறுப்பாளர் சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்று போன் செய்தார். அவசரத்தில் ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார். "அது வெளிய வந்துடுச்சு. நீ கொஞ்சம் வாயேன்."

"கடையில கூட்டம். நீங்கதானே பாத்துக்கறேன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்..."

"அப்ப பாத்துக்குங்க."

போன் வைக்கப்பட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியம் அவரிடமே முதன்முறையாகத் திரும்பி வந்தது அன்றுதான். மேசைமேலிருந்து அவர் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "நான் இங்கயேதான் இருக்கேன், தைரியமா இருங்க," என்று சொல்லி, பாம்பு படிக்கட்டுக்கு வந்துவிடாதபடி கதவை வெளியிலிருந்து சாத்தினேன்.

பிறகு மேசையிலிருந்து யாரோ இறங்கும் ஓசை. சோபா நகர்ந்தது. பீரோ நகர்ந்தது. ஏதோ விழுந்து உடைந்தது. "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், வா... வெளிய வா..." என்று அவருடைய குரல் கெஞ்சியது. அந்த மனிதர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் அக்காவும் பாம்பு மீட்கும் பெண்ணும் ஒன்றாகவே படியேறி வந்தார்கள். கதவைத் திறந்தோம். வீடு தலைகீழாகக் கிடந்தது. பொறுப்பாளர் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் எண்ணெய், தலையெல்லாம் ஒட்டடை. முன்னால் பெட்டி. இரண்டு கைகளும் மூடியை அழுத்திக்கொண்டிருந்தன. கட்டைவிரலில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துப் பார்த்தார். "கடிச்சுதா?"

"லேசா."

"எங்க இருந்துது?"

"பீரோவுக்குப் பின்னாடி."

அவ்வளவுதான் சொன்னார். அக்கா சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டார். அந்தப் பெண் பெட்டிக்குள் பார்த்து, "காயமில்லாமப் பிடிச்சிருக்கீங்க சார், தண்ணியும் மாத்தி வச்சிருக்கீங்க," என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பெட்டியோடு வாசலைத் தாண்டும்போதுதான் வாய் திறந்தார். "எண்ணெய்ப் பிசுக்கு போயிடுமா? நல்லாயிடுமில்ல அது?"

"ஆயிடும் சார். சுத்தம் பண்ணித்தான் விடுவேன்."

இந்தக் கதை ஒரு மாதத்துக்காவது ஓடும் என்று எதிர்பார்த்தேன். தான் பிரித்தெடுக்காத பாம்பைப் பற்றி அத்தனை பேரிடம் பேசியவர், தானே பிடித்த பாம்பைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. கட்டைவிரலைப் பற்றிக் கேட்டால், "கதவுல நசுங்கிடுச்சு," என்றார்.

ஆள் குணமாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரமே தண்ணீர் மோட்டார் கெட்டது. "நான் பாத்துக்கறேன்," என்று அவர் வந்து நின்றார். அக்கா டார்ச்சையும் ஸ்பேனரையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் நிம்மதியாகப் படுத்துக்கொண்டார். குணமானது அக்காதான்.

நீங்கள் இந்த ரகமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பக்கத்தை வீட்டில் இருப்பவரிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள். படித்துச் சிரித்தால் கவலையில்லை. சிரிக்காமல், நிதானமாகக் கத்தரிக்கோலைத் தேடியெடுத்து, இதை வெட்டி உங்கள் கண்ணில் படும் இடமாகப் பார்த்து ஒட்டினால், இது யாரைப் பற்றி எழுதியது என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டு வராதீர்கள்.